கட் சொன்ன பிறகு

படத்தில் கதாநாயகி பதினோரு தடவை அழுகிறாள். இரண்டு தடவை மழையில், ஒரு தடவை மாடிப்படியில், மூன்று தடவை தலையணையில், மீதி ஐந்தும் கதாநாயகன் முதுகைப் பார்த்து. கதாநாயகனும் லேசுப்பட்டவன் இல்லை. யாருக்கோ வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டிய மனைவியைச் சந்தேகப்படுகிறான். நேரே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படம் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்க மாட்டான். கேட்டுவிட்டால் மீதிப் படத்தை எதை வைத்து ஓட்டுவது?

இப்படிச் சொல்லிச் சிரித்தவள் அந்தப் படத்தின் எடிட்டர். ஸ்டூடியோவில் அவளுக்கு முகத்துக்கு நேரே 'அக்கா' என்று பெயர், முதுகுக்குப் பின்னால் 'கத்தரி'. படத்தின் டைரக்டர் அவளுடைய கணவர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், சேர்ந்து செய்த படங்கள் ஒன்பது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டார்கள்.

அவள் வேலை செய்த அறையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். நடுவில் காலால் மிதித்து ஓட்டுகிற எடிட்டிங் மெஷின், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்தான் கதாநாயகி பதினோரு தடவையும் அழுதாள். சுவரோரமாகத் துணி தைத்த கூடைகள். மேலே வரிசையாக ஊசிகள், ஊசிக்கு ஒன்றாகப் பிலிம் துண்டுகள் தொங்கும். எல்லாவற்றின் மேலும் ஒட்டுப் பசையின் வாடை. வெளியாட்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கு அது இல்லாவிட்டால்தான் தலை வலிக்கும்.

பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று வழவழப்பு, இன்னொன்று படம் பதிகிற மருந்து பூசிய பக்கம். பக்கம் மாற்றி மெஷினில் மாட்டினால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரியாது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் துண்டின் ஓரத்தை ஈர உதட்டில் ஒற்றிப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்டால் அது மருந்துப் பக்கம். பதினாறு வருஷத்தில் உதட்டில் வைக்காமல் அவள் ஒரு துண்டைக்கூட மாட்டியதில்லை. "எனக்குக் குடுத்ததைவிட அந்தப் பிலிமுக்குத்தான் நீ அதிகம் முத்தம் குடுத்திருக்கே" என்று கல்யாணமான புதிதில் டைரக்டர் கேலி செய்வார். எப்போது அந்தக் கேலியை நிறுத்தினார் என்று அவளுக்கு நினைவில்லை. நின்றதையே அவள் வெகுநாள் கவனிக்கவில்லை.

இந்தப் படத்தில் ஒரே ஒரு இடம்தான் உதைத்தது. அதுவும் கடைசிக் காட்சி. மனம் வெறுத்துப் புறப்பட்ட கதாநாயகி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. "இன்னும் பத்து நிமிஷத்துல வண்டி வந்துடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். இடது பக்க வாசலில் கதாநாயகன் வந்து நிற்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். அந்த ஒரு பார்வையில் பதினோரு அழுகையும் கழுவிக்கொண்டு போக வேண்டும். வண்டி போய்விடும், அவள் போக மாட்டாள், சுபம்.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு கதை உண்டு. டைரக்டரின் முந்தைய படத்தில் காதலர்கள் பன்னிரண்டு மணிக்குப் பிரிந்து, அதே காட்சியில் ஆறு மணிக்குக் கட்டிக்கொண்டார்கள். 'ஆறு மணி நேரம் எங்கே போனார்கள்?' என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டுவிட்டார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து டைரக்டருக்குக் கடிகாரப் பைத்தியம் பிடித்தது. எண்களே இல்லாத, வெறும் கோடுகள் மட்டும் போட்ட கடிகாரமாக வாங்கிவந்து, ஏணி போட்டு ஏறி, முட்களை மூன்று ஐம்பதில் தன் கையாலேயே ஆணியடித்தார். அவ்வளவு செய்தும் வர வேண்டிய பார்வை வரவில்லை.

குளோசப் எடுத்த அன்று கதாநாயகன் வேறு படத்துக்குப் போய்விட்டான். அவன் நிற்க வேண்டிய இடத்தில், கேமராவுக்கு இடது பக்கம், டைரக்டரே நின்று அவன் வசனத்தைப் படித்தார். ஆறு டேக். ஆறிலும் கதாநாயகி கடைக்குப் போய்ப் பொருள் விலை கேட்பவளைப் போலப் பார்த்தாள். படத்தின் முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ மன்னிக்கிற மாதிரியே தெரியலையே. வண்டி லேட்டானு கேக்குற மாதிரி இருக்கு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் கத்தரி கழிவுக் கூடையைக் கிளறினாள். டைரக்டர் 'கட்' என்று சொன்ன பிறகும் கேமரா நிற்க இரண்டு மூன்று வினாடியாகும். அந்த வாலை வெட்டிக் கூடையில் போடுவது வழக்கம். அதில் நடிகர்கள் மூக்கைச் சொறிவார்கள், கொட்டாவி விடுவார்கள். ஆறாவது டேக்கில் கேமராக்காரர் அசதியில் நிறுத்த மறந்திருந்தார். வால் நீளமாக இருந்தது. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மெஷினில் மாட்டினாள். உதட்டின் நினைவே வரவில்லை.

கண்ணாடிக்குள் கதாநாயகி தலையை நிமிர்த்தினாள். இடது பக்கம் பார்த்தாள். முகம் முழுக்கத் தளர்ந்து, கண் ஈரமாகி, வாயோரம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து நின்றது. வெகுநாள் பட்டினி கிடந்து பார்க்கிற பார்வை. ஏழு அடி பிலிம், ஐந்து வினாடிகூட இல்லை. இடது பக்கம் நின்றிருந்தவர் யார் என்பது கத்தரிக்குத் தெரியும்.

படம் லேசாக மங்கலாக இருந்தது. தன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்தாள். அது உண்மையும்தான்.

கதாநாயகனைப் போல அவள் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கவில்லை. கேட்டாள். கேட்டதுதான் வினையாயிற்று. டைரக்டரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டாள்.

எது என்று அவர் கேட்பார், கோபப்படுவார், சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். சிரித்திருந்தால் அப்போதே நம்பியிருப்பாள், அவ்வளவு ஆசையோடு காத்திருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

இவள் மெஷினைக் காட்டினாள். "எப்படித் தெரியுமா? அவ கண்ணே சொல்லுதே."

"அவளா?" டைரக்டர் நிமிர்ந்தார். "அவளுக்குத் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சத்தியமா. எனக்குள்ளேயே வச்சுக்கிட்டுப் பைத்தியம் மாதிரித் திரிஞ்சேன். அவளுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா? அப்ப இது என்ன?" என்று காலால் மெஷினை மிதித்தாள்.

அவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். துண்டு முடிந்தது. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டாள். "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது தடவை அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணாடி வெளிச்சம் பட்ட தன் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அட, நம்ம ஆளுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் வலித்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் வழியே இல்லாத ஒரு ஆசையை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தார். இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் அதுவே வாடி உதிர்ந்திருக்கும். 'கவலைப்படாதீங்க, அவளுக்கும் உங்க மேல ஆசைதான்' என்று அத்தாட்சியோடு எடுத்துக் கொடுத்தது யார்? கட்டிய மனைவி. பூனைக்கு வெண்ணெயும் வைத்து விளக்கும் பிடித்தாள் மகராசி.

அன்று சாயங்காலமே டைரக்டர் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ விருந்தினர் அறைக்குப் போனார். "உன்னை ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல. பிரிவ்யூ முடியட்டும். முடிஞ்ச கையோட அவகிட்டப் பேசப்போறேன். பேசாம இருந்தா எனக்கு மண்டை வெடிச்சிடும்" என்றார். கதாநாயகன் போலவே பேசினார். வசனம் அவர் எழுதியதுதானே.

படத்தை முதன்முதலில் போட்டுக் காட்டுகிற அந்தப் பிரிவ்யூவுக்குப் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளில் அவர் போய்விடுவார், இல்லை இருப்பார். அவளுக்கு வேறு எதுவும் மனசில் இல்லை. அவர் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கோபம் ஒரு பக்கம் கொதித்தாலும் காலையில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஒரு பங்கைக் கீழே கொட்டினாள்.

கடைசிக் காட்சியைத் தொடாமல் நாலு நாள் மற்ற ரீல்களைச் சீவிச் சீவிச் சரி செய்தாள். ஐந்தாம் நாள் முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் அந்த ஏழு அடியை ஒட்ட எடுத்தாள். ஒட்டுவதற்கு முன்னால் முனையில் மருந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிளேடை வைத்துச் சுரண்டினாள். கறுப்புப் பொடி வரவில்லை. இன்னொரு முறை சுரண்டினாள். வழவழப்புப் பக்கம் கீறல்தான் விழுந்தது.

துண்டை உதட்டில் வைத்தாள். ஒட்டவில்லை. திருப்பி வைத்தாள். ஒட்டியது.

இத்தனை நாளும் பக்கம் மாற்றிப் பார்த்திருக்கிறாள். நேற்று வேலைக்கு வந்தவர்கள் செய்கிற தப்பு. மங்கலாகத் தெரிந்ததற்குக் கண்ணீர் மட்டும் காரணமில்லை, மருந்து அந்தப் பக்கம் இருந்ததால் போக்கஸ் விலகியிருக்கிறது. அதே தப்பான பக்கமாகவே மறுபடி மாட்டிப் பார்த்தபோது, கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் கடிகாரம் எட்டு பத்து காட்டியது. அன்றும் அதைத்தான் காட்டியிருக்கும். யார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்? சரியான பக்கம் திருப்பி மாட்டினாள். கடிகாரத்தில் மூன்று ஐம்பது. கதாநாயகி இப்போது வலது பக்கம் பார்த்தாள். டைரக்டர் நின்ற திசையில் இல்லை, அவருக்கு நேர் எதிர்த் திசையில்.

வலது பக்கம் யார் நின்றார்கள்? ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்கிற கண்டினியூட்டி அம்மாள் எழுதிவைத்த தாள்களைப் புரட்டினாள். அந்த அம்மாள் ஷூட்டிங்கில் யார் தும்மினாலும் எழுதிவைக்கிற ரகம். ஆறாவது டேக் இருந்த வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'கட். வலது பக்கக் கதவு வழியே காபி வந்தது. இரண்டு மணி நேரம் தாமதம். கதாநாயகி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உடையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளவும்.'

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ஒரு டம்ளர் காபி குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டதே.

உடனே விருந்தினர் அறைக்கு ஓடியிருக்கலாம். வாசல் வரை போனாள். போய் என்ன சொல்வது? அவ உங்களைப் பார்க்கலை, காபியைப் பார்த்தா என்றா? பொறாமையில் உளறுகிறாள் என்றுதான் நினைப்பார். இவளே அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாள். திரும்பி வந்துவிட்டாள்.

படத்துக்கு அந்தப் பார்வை வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கதாநாயகன் நிற்பது இடது வாசலில். அதனால் துண்டைத் திருப்பித்தான் போட வேண்டும். பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிற லேபுக்கு எடுத்துப் போனாள். மாற்றிப் பிரிண்ட் போட்டால் போக்கஸும் சரியாகிவிடும் என்றார் லேப்காரர். கை தேர்ந்தவர், முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏங்கக்கா, திருப்பினா கடிகாரம் தப்பா காட்டுமே. கொஞ்சம் பெரிசு பண்ணி, கடிகாரத்தை வெளியில தள்ளிடட்டுமா? சார் பாத்தா குதிப்பாரு."

அவள் துண்டில் இருந்த கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "இருக்கட்டும். அப்படியே போடுங்க" என்றாள்.

பிரிவ்யூவுக்கு ஸ்டூடியோவின் சின்னத் தியேட்டர் நிரம்பிவிட்டது. டைரக்டர் வழக்கம்போல முதல் வரிசை, புதுச் சட்டை. கதாநாயகி மூன்றாவது வரிசையில் கைக்குட்டையோடு. கத்தரி கடைசியில் கதவோரம் நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, டைரக்டரின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஏழு அடி வந்தது. தியேட்டரில் யாரோ விசும்பினார்கள். முதலாளியே மூக்கை உறிஞ்சினார். முன்னால் அந்தத் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, ஆசையாய். ஒரு வினாடி, இரண்டு வினாடி. பிறகு விறைத்து நிமிர்ந்தது. டைரக்டர் கையைத் தூக்கித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. படம் முடிந்து விளக்குப் போட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள், அவர் தட்டவில்லை.

கதாநாயகி ஓடிவந்தாள். "சார்! கடைசியில அந்தப் பார்வை! எப்ப சார் எடுத்தீங்க? நான் அப்படிப் பாத்ததா எனக்கு ஞாபகமே இல்லையே சார்!"

"நல்லாப் பண்ணியிருக்கேம்மா" என்றார் டைரக்டர். வேறு எதுவும் பேசாமல் வெளியே போனார்.

மறுநாள் காலையில் எடிட்டிங் அறைக்கு வந்தார். தூங்காத முகம். கையில் அந்த இரண்டு சட்டைகள், சுருட்டிய பொட்டலமாக.

"கடிகாரம் எட்டு பத்து காட்டுது" என்றார்.

"தெரியும்."

"திருப்பிப் போட்டிருக்கே."

"வாசலைப் பாக்கணுமே. வேற வழி?"

"அப்ப அவ நெஜமா பாத்தது..."

கண்டினியூட்டி தாளை எடுத்து நீட்டினாள். படித்தார். உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "காபியா?" என்றார். கேட்கவே பாவமாக இருந்தது.

"நான்தான் பக்கம் பாக்காம மாட்டினேன். என் தப்பு. அவ மேல அபாண்டமா சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"உனக்கு எப்பத் தெரியும் இது?"

"நீங்க போன அஞ்சாம் நாள்."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கடிகாரம் சொன்னா நம்புவீங்க."

அவர் தலையைக் குனிந்து சிரித்தார். பதினாலு வருஷம் பழகிய சிரிப்பு. அவள் மனசு ஒரு அடி முன்னால் போய்விட்டது, பிடித்து நிறுத்தினாள்.

"சரி, விடு. முட்டாத்தனம் பண்ணிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல. ஒண்ணுமே நடக்கலையே? நீ பாத்ததும் தப்பு, நான் நம்பினதும் தப்பு. எல்லாம் ஒரு துண்டுப் பிலிமால வந்தது. வீட்டுக்கு வந்துடறேன்" என்றார்.

'வாங்க' என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை. வாய் வரை வந்தது. இப்படி ஒரு காட்சி படத்தில் இருந்தால் பின்னால் வயலின் எழுப்பியிருப்பார்கள், அவளும் சுபம் என்று ஒட்டி முடித்திருப்பாள்.

"அவ முகத்தைத்தான் நான் திருப்பிப் போட்டுப் பாத்தேன்" என்றாள். "உங்க முகத்தை அப்படிப் பாக்கலைங்க. அன்னைக்கு இதே இடத்துல, மூணாவது தடவை ஓடினப்ப, நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல பிலிம் இல்ல, கண்ணாடி இல்ல. ஒரு சாண் தூரம். இந்தப் பதினாலு வருஷத்துல என்னை ஒரு நாள்கூட அந்தப் பார்வை பாத்ததில்ல நீங்க. இருக்குதுனே எனக்குத் தெரியாது."

"அது... அது ஏதோ ஒரு நிமிஷம்."

"ஏழு அடிதான். அதுல ஒரு படமே நிக்குது."

டைரக்டர் வாயைத் திறந்தார். அப்போது கதவைத் தட்டிவிட்டுக் காபிக்காரர் உள்ளே வந்தார். இத்தனை நாளும் ஒன்றுதான் கொண்டுவந்தார். இன்று டைரக்டர் உள்ளே போவதைப் பார்த்து, பழைய வழக்கப்படி இரண்டு டம்ளர். மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் டம்ளர்களைப் பார்த்தார்கள். தனக்கு வைத்ததுதானா, எடுக்கலாமா என்று தெரியாமல் டைரக்டர் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உங்களுக்குத்தான்" என்றாள். "ஆறிடும். குடிச்சிட்டுப் போங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து, நின்றுகொண்டே குடித்தார். அவள் ஊசியிலிருந்து அடுத்த துண்டை எடுத்து உதட்டில் வைத்தாள். உதடு நடுங்கியதில் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று தெரியவில்லை. திருப்பி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.